திரையும் திருமறையும் – 7: ஆயர்களின் கடிதம்

சென்ற வாரம் பாரிஸ் நகரில் நின்றோம். 1988 அக்டோபர் 22ஆம் திகதி இரவு, சென் மிஷேல் தியேட்டரில் மார்ட்டின் ஸ்கோர்செஸியின் ‘கிறிஸ்துவின் கடைசிச் சோதனை’ ஓடிக்கொண்டிருக்கையில் கத்தோலிக்கத் தீவிரப்போக்காளர் சிலர் தீ வைத்ததையும், படம் பார்க்க வந்தவர்கள் காயப்பட்டதையும் படித்தீர்கள். அதற்கு முந்திய வாரம் கேரளம். அந்தப் படத்துக்கும் மூலமான கஸான்ட்ஸாகிஸ் நாவலைத் தழுவி பி. எம். ஆன்டனி எழுதிய ‘கிறிஸ்துவின் ஆறாம் திருக்காயம்’ நாடகம் 1986இல் அரச உத்தரவால் மேடையை இழந்தது.

நெருப்பைப் பார்த்தோம். ஊர்வலத்தையும் பார்த்தோம். இந்த வாரம் வருவது மூன்றாவது வகை. அதில் கோஷமும் இல்லை, கல்லெறியும் இல்லை. ஒரேயொரு கடிதம் போனது. வேலை முடிந்தது.

நடந்த இடம் நம் நாடான இலங்கை. காலம் 2006 மே.

ஒரு நாவலும் அதன் குற்றச்சாட்டும்

2003 மார்ச்சில் அமெரிக்காவில் டான் பிரவுனின் ‘த டா வின்சி கோட்’ வெளியானது. துப்பறியும் கதை. பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் காப்பாளர் ஒருவர் கொல்லப்படுகிறார். அவர் விட்டுச்சென்ற குறிகளைப் பிடித்துக்கொண்டு போனால் ஒரு ‘இரகசியம்’ வெளிவருகிறது: இயேசு மகதலா மரியாளை மணந்தார், அவர்களுக்குப் பிள்ளை பிறந்தது, அந்த வம்சம் இன்றும் இருக்கிறது. மூன்று வருடத்துக்குள் உலகமெங்கும் கோடிக்கணக்கான பிரதிகள் விற்றுத் தீர்ந்தன.

எங்கள் பக்கத்து வாசகர் இந்த இடத்தில் ஒன்று கேட்பார். நற்பிட்டிமுனையில் மதரசாவுக்குப் போகும் சின்னப் பிள்ளைக்கும் இயேசுவை ஈஸா நபியாகத் தெரியும், அவரின் தாய் மர்யம் (அலை) அவர்களைத் தெரியும். குர்ஆனின் 19ஆவது அத்தியாயமே அந்தத் தாயின் பெயரில் இருக்கிறது. ஈஸா நபி இறைவனின் தூதர், இறைவனல்லர் என்பது நம் ஈமான். நபிமார் பலர் மணம் முடித்து, பிள்ளை குட்டியோடு வாழ்ந்தவர்கள். அப்படியிருக்க, இயேசுவுக்கு மனைவி இருந்தார் என்ற ஒரு கற்பனைக் கதை கத்தோலிக்கரை ஏன் இவ்வளவு நோகடித்தது?

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் தெரியாமல் மேற்கொண்டு வாசித்தால் இந்தக் கதை விளங்காது.

கல்யாணம் அந்த நாவலில் பாதிதான். மற்றப் பாதி ஒரு குற்றச்சாட்டு. திருச்சபைக்கு உண்மை தெரியும், தெரிந்துகொண்டே மறைத்தது, மறைப்பதற்காகக் கொலையும் செய்தது என்கிறது கதை. கி.பி. 325இல் நிக்கேயா சங்கத்தில் கொன்ஸ்தந்தீன் மன்னர் வாக்கெடுப்பு வைத்து ஒரு மனிதரைக் கடவுளாக்கினார் என்கிறது. ‘ஓபுஸ் தேயி’ என்ற, இன்றும் உயிரோடிருக்கும் ஒரு கத்தோலிக்க அமைப்பின் பெயரைச் சொல்லி, அதன் துறவி ஒருவர் ஆட்களைக் கொன்றுகொண்டு திரிவதாகக் காட்டுகிறது.

கத்தோலிக்கர் ஒருவர் இருக்கும் இடத்தில் இருந்து இதைப் பாருங்கள். உங்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர், உங்கள் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டவர், உங்கள் தாயின் பிரேதத்துக்கு முன்னால் நின்று செபித்தவர், இவர்கள் எல்லோரும் 2000 வருடப் பொய்யொன்றின் ஊழியர்கள் என்று அந்த நாவல் சொன்னது. நோகாமல் இருக்குமா?

இது வெறும் கதைதானே என்று சொல்லித் தப்பவும் முடியாது. கதை தொடங்குமுன்னரே ஒரு பக்கத்தில், ‘சீயோன் மடம்’ என்ற இரகசியச் சங்கம் உண்மையானது என்று நூலாசிரியர் அச்சிட்டிருந்தார். ஆராய்ந்தவர்கள் கண்டது வேறு. அந்தச் சங்கம் பியேர் பிளான்தார் என்ற பிரெஞ்சுக்காரர் 1956இல் பதிவுசெய்தது. அதைப் பழையதாகக் காட்டுவதற்காக உண்டாக்கிய போலி ஆவணங்கள் 1960களில் பிரான்சின் தேசிய நூலகத்தில் கொண்டுபோய் வைக்கப்பட்டன. நிக்கேயாவில் நடந்த வாதமும் நாவல் சொல்வதுபோல் இல்லை. அங்கே பிரச்சினைக்கு உள்ளானவர் அரியூஸ் என்ற குரு. சுதன் பிதாவுக்குச் சமமானவரா, அவரால் படைக்கப்பட்டவரா என்பதே அங்கே வழக்கு. இயேசு சாதாரண மனிதர்தானா என்று அந்தச் சபையில் எவரும் வாக்கெடுப்புக் கேட்கவில்லை.

நாவலைப் படித்தவர்கள் பாரிஸிலுள்ள சென் சுல்பிஸ் ஆலயத்துக்குக் கூட்டமாக வரத் தொடங்கினார்கள். அங்கே தரையில் பதித்த பித்தளைக் கோடு ஒன்று உண்டு. சூரிய ஒளியைக் கொண்டு நாட்களைக் கணிப்பதற்காக 18ஆம் நூற்றாண்டில் வைத்தது. நாவல் அதைப் பழைய புறச்சமயக் கோவிலின் எச்சம் என்று எழுதிவிட்டது. ஆலயத்தார் ஒரு அறிவித்தலை எழுதிச் சுவரில் மாட்டினார்கள்: அண்மையில் அதிகம் விற்பனையான ஒரு நாவலில் சொல்லியிருப்பதற்கு மாறாக, இது புறச்சமயக் கோவிலின் மிச்சமன்று என்று. நாவலின் பெயரைக்கூட அவர்கள் எழுதவில்லை.

இந்தத் தொடரில் இதுவரை வந்த எதிர்ப்புகள் எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது அந்தச் சுவரில் மாட்டிய தாள்தான். கேட்டவனுக்கு விடை அதில் இருந்தது.

லிங்கன் பேராலயத்தின் வாசலில்

2005 மார்ச்சில் இத்தாலியின் ஜெனோவா பேராயர் கர்தினால் பெர்த்தோனே, அந்த நாவலை வாங்கவும் வேண்டாம் வாசிக்கவும் வேண்டாம் என்று பகிரங்கமாகச் சொன்னார். அதற்குள் நாவலைப் படமாக்க சோனி நிறுவனம் முடிவெடுத்திருந்தது. இயக்குநர் ரோன் ஹவார்ட், கதாநாயகன் டொம் ஹாங்ஸ்.

படப்பிடிப்புக்கு லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தைக் கேட்டார்கள். முடியாது என்று பதில் வந்தது. லிங்கன் பேராலயம் சம்மதித்தது. ஒரு இலட்சம் பவுண் நன்கொடையும் பெற்றது. கதை நம்பத்தகாதது என்று அதன் தலைமைக் குருவே சொன்னார், ஆனாலும் இடம் கொடுத்தார்.

2005 ஆகஸ்டில் படப்பிடிப்புத் தொடங்கியபோது ஒரு கன்னியாஸ்திரி வந்தார். பெயர் சகோதரி மேரி மைக்கல். பேராலயத்துக்கு வெளியே முழந்தாளிட்டார். பன்னிரண்டு மணித்தியாலம் செபித்தார். நடிகர்களும் விளக்குத் தூக்குவோரும் அவரைக் கடந்து போனார்கள், வந்தார்கள். அவர் எவரையும் மறிக்கவில்லை. படப்பிடிப்பும் நிற்கவில்லை.

2006 ஏப்ரல் 28ஆம் திகதி வத்திக்கான் பேசியது. விசுவாசக் கோட்பாட்டுப் பேராயத்தின் செயலாளர் பேராயர் ஆஞ்செலோ அமாட்டோ, படத்தைப் புறக்கணியுங்கள் என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார். இதே அவதூறு குர்ஆனைப் பற்றியோ யூத இன அழிப்பைப் பற்றியோ வந்திருந்தால் உலகமே எழுந்திருக்கும், கிறிஸ்தவர்கள் மீது வந்தால் மட்டும் தண்டனை இல்லை என்பது அவர் சொன்னதன் சாரம்.

அந்த வார்த்தையின் பின்னணி உங்களுக்குத் தெரியும். 2005 செப்டெம்பரில் டென்மார்க் பத்திரிகையொன்று நபி (ஸல்) அவர்களைக் கேலிச்சித்திரமாக வரைந்தது. 2006 பெப்ரவரியில் முஸ்லிம் நாடுகள் கொதித்தன. தூதரகங்கள் எரிந்தன, உயிர்கள் போயின. அந்தக் கொதிப்பு ஆறி மூன்று மாதம் ஆகவில்லை. ஒரு சமயத்தவர் தம் காயத்தை இன்னொரு சமயத்தவரின் கோபத்தால் அளந்து பார்க்கத் தொடங்கியது அப்போதுதான். இந்தத் தொடரின் திருப்புமுனைகளில் அதுவும் ஒன்று என்று நினைக்கிறேன். அதுவரை ‘எங்கள் வேதனை’ என்று மட்டும் பேசியவர்கள், ‘அவர்களுக்கு மட்டும் ஏன்?’ என்று கேட்க ஆரம்பித்தார்கள். அந்தக் கேள்வி எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் பின்னால் நம் நாட்டிலேயே பார்த்தோம்.

ஓபுஸ் தேயி அமைப்பினர் எடுத்த வழி வேறு. இது கற்பனை என்று படத்தில் ஒரு வரி போடுங்கள் என்று சோனியிடம் கேட்டார்கள். கிடைக்கவில்லை. வழக்குக்குப் போகாமல், நாங்கள் யார் என்று நேரிலேயே வந்து பாருங்கள் என்று பத்திரிகையாளரை அழைத்தார்கள். கதையில் வரும் துறவியைப் போன்ற துறவிகள் அந்த அமைப்பில் இல்லவே இல்லை என்பதை அப்போதுதான் உலகம் அறிந்தது.

மே 17ஆம் திகதி கான் திரைப்பட விழாவில் படம் திரையிடப்பட்டது. விமர்சகர்கள் நன்றாக இல்லை என்றார்கள். வசூல் 75 கோடி டொலரைத் தாண்டியது.

பேராலயத்துக்குள் துப்பாக்கி

இனி நம் நாட்டுக்கு வருவோம். அந்த மே மாதத்தைப் புரிந்துகொள்ள, ஐந்து மாதம் பின்னால் போகவேண்டும்.

2005 டிசம்பர் 24 இரவு. மட்டக்களப்பு புனித மரியாள் பேராலயத்தில் நத்தார் நள்ளிரவுப் பூசை. கல்முனையிலிருந்து வடக்கே பஸ்ஸில் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடிய தூரம். சனம் நிறைந்திருந்தது. திருகோணமலை-மட்டக்களப்பு ஆயர் கிங்ஸ்லி சுவாம்பிள்ளை பூசையில் இருந்தார். நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் மனைவியோடு வந்திருந்தார்.

பரராஜசிங்கம் நற்கருணை பெற்றுக்கொண்டார். இருக்கைக்குத் திரும்பினார். அப்போது சுட்டார்கள். அவர் இறந்தார். மனைவி உட்பட வேறு பலர் காயப்பட்டார்கள்.

நத்தார் இரவில், பீடத்துக்கு முன்னால், வாயில் நற்கருணையோடு ஒரு மனிதர் கொல்லப்பட்டார். கத்தோலிக்கரின் நம்பிக்கையில் இதைவிடப் பெரிய தீட்டு ஒன்றைக் கற்பனை செய்ய என்னால் முடியவில்லை.

நாடு முழுவதும் கிறிஸ்தவர்களுக்கு அது நல்ல காலமாக இருக்கவில்லை. 2003 டிசம்பரில் பௌத்த பிக்குவான கங்கொடவில சோம தேரர் ரஷ்யாவில் இறந்தபின் தெற்கில் தேவாலயங்கள் தாக்கப்பட்டன. 2004இல் பிக்குகளின் கட்சியான ஜாதிக ஹெல உறுமய மதமாற்றத் தடைச் சட்டமூலம் கொண்டுவந்தது. அதன் சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரண் என்று உயர் நீதிமன்றம் சொன்னபோதும் அந்த அச்சம் போகவில்லை. 2005 நவம்பரில் மஹிந்த ராஜபக்ஷ ஜனாதிபதியானது அதே ஹெல உறுமயவின் ஆதரவோடு. 2006 ஏப்ரலில் கொழும்பில் இராணுவத் தளபதி மீது தற்கொலைத் தாக்குதல் நடந்தது. அரசுக்கும் புலிகளுக்கும் இடையிலான யுத்த நிறுத்தம் பெயரளவில்தான் இருந்தது.

இலங்கையின் சனத்தொகையில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேரளவில். அவர்களில் பெரும்பான்மை கத்தோலிக்கர். சிங்களவரும் தமிழரும் ஒரே பீடத்தின் முன் முழந்தாளிடும் சபை அது. எங்கள் அம்பாறை மாவட்டத்தில் அவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்தான். ஆனால் கல்முனையில் கார்மேல் பாத்திமா கல்லூரியையும் உவெஸ்லி உயர்தரப் பாடசாலையையும் அறியாத வீடு எது? தமிழ், முஸ்லிம் என்று எத்தனை பிள்ளைகளுக்கு மிஷன் பள்ளிக்கூடங்கள் எழுத்தறிவித்தன! தொகை சிறிதாயினும் கடன் பெரிது.

இப்படி, சுற்றிவர அச்சம் சூழ்ந்த ஒரு சிறுபான்மையின் முன்னால்தான் அந்தப் படம் வந்து நின்றது.

ஒரு கடிதம்

இலங்கைக் கத்தோலிக்க ஆயர் பேரவை ஜனாதிபதிக்கு எழுதியது. படம் கத்தோலிக்க விசுவாசத்தைப் புண்படுத்துகிறது, தடை செய்யுங்கள் என்று கேட்டது.

மே மாதத்தின் கடைசி வாரத்தில் விடை வந்தது. ஜனாதிபதி தணிக்கைச் சபைக்குப் பணித்தார். படம் தடைசெய்யப்பட்டது.

அவ்வளவுதான் நிகழ்ச்சி. சில நாளில் தொடங்கி சில நாளில் முடிந்தது. அதனாலேயே இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும்.

தணிக்கைச் சபை 1912ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமொன்றின் பிள்ளை. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். ஒரு படத்தைப் பார்த்து, எல்லோருக்கும் உகந்ததா, வளர்ந்தோருக்கு மட்டுமா, எங்கே வெட்டுவது என்று சொல்வது அதன் தொழில். பார்த்தபின் முடிவு என்பது ஒழுங்கு. ஆனால் இங்கே முடிவு மேலிருந்து வந்தது. ஆயர்கள் ஜனாதிபதியிடம் கேட்டார்கள், ஜனாதிபதி சபைக்குச் சொன்னார். படத்தில் எந்தக் காட்சி, எந்த வசனம், எந்தப் பொய் என்று எவரும் பொதுவில் நின்று வாதிடவேண்டிய தேவையே இருக்கவில்லை.

அதே பருவத்தில் இன்னொரு படமும் அடிபட்டது. அசோக ஹந்தகமவின் ‘அக்ஷரய’. பின்னாளில் ‘இனி அவன்’ என்ற தமிழ்ப் படத்தை எடுத்த அதே ஹந்தகம. தணிக்கைச் சபை ‘வளர்ந்தோருக்கு மட்டும்’ என்று அனுமதி கொடுத்திருந்தது. அமைச்சர் தலையிட்டு நிறுத்தினார். அது சமயப் பிரச்சினையும் அல்ல, கிறிஸ்தவரோடு சம்பந்தப்பட்டதும் அல்ல. ஆனாலும் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒன்று தெரிகிறது. 2006இன் இலங்கையில் ஒரு படத்தை நிறுத்த அதிகாரத்தின் ஒரு வார்த்தை போதும்.

ஆயர்கள் பொய்யாக எதுவும் சொல்லவில்லை. அவர்களின் மந்தை நொந்தது உண்மை. ஆட்களைத் தெருவில் இறக்காமல் எழுத்தில் கேட்டார்கள், அதுவும் உண்மை. அதற்காக அவர்களை மதிக்கிறேன். ஆனால் கேட்டது தடையாக இருந்ததுதான் என் மனதை அறுக்கிறது. அந்த நாவல் கடைகளில் இருந்தது. படம் சீடியாக வரும் என்பது அந்தக் காலத்தில் கல்முனைக் கடைத்தெருவில் நடக்கும் எந்தப் பையனுக்கும் தெரியும். தடைபோட்ட தியேட்டரைச் சுற்றிக்கொண்டு கதை வீட்டுக்குள் போனபோது, நீர்கொழும்பிலும் மன்னாரிலும் பதினேழு வயதுப் பிள்ளை ஒன்று ‘இது உண்மையா?’ என்று கேட்டால், ‘அரசாங்கம் தடைசெய்திருக்கிறது’ என்பது விடையாகுமா? சென் சுல்பிஸ் சுவரில் மாட்டிய தாளைப்போல ஒன்று அந்தப் பிள்ளைக்குத் தேவைப்பட்டது.

கடலுக்கு அப்பால்

அதே நாட்களில் இந்தியாவில் கூச்சல் பெரிதாக இருந்தது. மும்பையில் கத்தோலிக்க அமைப்பொன்று உண்ணாவிரதம் இருந்தது. மாநகரசபையின் முன்னாள் உறுப்பினர் ஒருவர் டான் பிரவுனைப் பிடித்துத் தருபவருக்குப் பதினொரு இலட்சம் ரூபாய் என்று அறிவித்து, சொந்தச் சபையையே தலைகுனிய வைத்தார். கிறிஸ்தவர்களோடு சேர்ந்து போராடுவோம் என்று மும்பையின் சுன்னி உலமா அமைப்பினர் முன்வந்தார்கள். ஈஸா நபியை இழிவுபடுத்துவது எங்களையும் இழிவுபடுத்துவது என்றார்கள்.

அவர்கள் வந்து நின்றது எனக்குப் பெருமை. அந்தப் படத்தின் இறையியலோடு நமக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் பக்கத்து வீட்டுக்காரன் நொந்தான் என்று தெரிந்ததும் போய் நின்றார்கள்.

தகவல் ஒலிபரப்பு அமைச்சர் பிரியரஞ்சன் தாஸ்முன்ஷி, கத்தோலிக்கப் பிரதிநிதிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தார். பார்த்தபின் முடிவு: வளர்ந்தோருக்கு மட்டும் என்ற சான்றிதழ், இது கற்பனை என்ற அறிவித்தல். ஓபுஸ் தேயி கேட்டுக் கிடைக்காத அந்த வரி, இந்தியத் திரையில் வந்தது. மே 26இல் படம் வெளியானது.

ஆனால் மாநிலங்கள் ஏற்கவில்லை. நாகாலாந்து, கோவா, பஞ்சாப், ஆந்திரம் ஒவ்வொன்றாகத் தடை போட்டன. தமிழ்நாட்டில் மே 13இல் பதவியேற்ற கருணாநிதி அரசு, மூன்று வாரத்துக்குள் தமிழ்நாடு சினிமாக்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் காட்சிகளை நிறுத்தியது.

இங்கேதான் இரண்டு கரைகளும் பிரிகின்றன.

சோனி நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அரசு தன் காரணத்தைச் சொல்லவேண்டி வந்தது. நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் விசாரித்தார். அவர் முன்னால் ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படத்துக்காக 1989இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு இருந்தது. ஆபத்து வெகுதூரத்தில் இருந்தால் போதாது. வெடிமருந்துக்குப் பக்கத்தில் தீப்பொறி என்ற அளவுக்கு அது கிட்டவாக இருக்கவேண்டும். கலகம் செய்வோம் என்று சிலர் மிரட்டினால் அவர்களைக் கட்டுப்படுத்துவதுதான் அரசின் கடமை என்று அந்தப் பழைய தீர்ப்பு சொல்லியிருந்தது. ஜூலையில் தமிழ்நாட்டின் தடை விழுந்தது. ஆந்திரத்தின் தடை அதற்கு முன்பே, ஜூனில், அங்குள்ள உயர் நீதிமன்றத்தில் விழுந்திருந்தது. நாடு முழுவதும் தடை கேட்டுப் போன கிறிஸ்தவ அமைப்பொன்றின் மனுவை உச்ச நீதிமன்றமும் ஏற்கவில்லை.

படம் சென்னையில் ஓடியது. தேவாலயம் எதுவும் இடிந்து விழவில்லை.

முஸ்லிம் உலகத்திலும் தடை பரவியது. பாகிஸ்தான், எகிப்து, ஜோர்தான், லெபனான் ஆகிய நாடுகள் தடுத்தன. இயேசுவுக்காக பாகிஸ்தானும் தடை போட்டது, இலங்கையும் தடை போட்டது. அந்த இரண்டு நாடுகளிலும் கிறிஸ்தவர்கள் சிறுபான்மை. அவர்களின் மனம் நோகக்கூடாது என்று அரசுகள் சொன்னது கேட்க இதமாகத்தான் இருந்தது.

பேசாலை

தடை வந்து மூன்று வாரமளவில்தான் ஆகியிருந்தது.

2006 ஜூன் 17. மன்னார் தீவில் பேசாலை. கத்தோலிக்க மீனவர் கிராமம். கடலில் கடற்படைக்கும் புலிகளுக்கும் சண்டை. சத்தம் கேட்டதும் சனங்கள் வழக்கம்போல் வெற்றி அன்னை ஆலயத்துக்குள் ஓடினார்கள். பெண்கள், பிள்ளைகள், வயதானவர்கள். ஆலயத்தில் இருந்தால் தொடமாட்டார்கள் என்பது அவர்களின் நம்பிக்கை.

வெளியிலிருந்து சுட்டார்கள். கைக்குண்டு உள்ளே வந்து விழுந்தது. ஒரு பெண் இறந்தார். பலர் இரத்தக் காயத்தோடு கிடந்தார்கள். கடற்கரையில் மீனவர்கள் கொல்லப்பட்டார்கள். மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் கடற்படையைக் குற்றஞ்சாட்டினார். அரசு தரப்பு மறுத்தது.

இந்த அத்தியாயத்தை எழுத உட்கார்ந்ததிலிருந்து இந்த இரண்டு செய்திகளையும் என்னால் பிரித்து வைக்க முடியவில்லை. கத்தோலிக்கரின் மனம் நோகக்கூடாது என்று ஒரு படத்தைச் சில நாளில் நிறுத்த முடிந்த நாட்டில், அவர்களின் ஆலயத்துக்குள் கைக்குண்டு விழுந்தது. மட்டக்களப்புப் பேராலயக் கொலை வழக்கு 15 வருடம் இழுபட்டு, 2021 ஜனவரியில் சட்டமா அதிபர் தொடர்ந்து நடத்துவதில்லை என்று அறிவித்ததோடு முடிந்தது. சந்தேக நபர்கள் விடுதலையானார்கள். அந்த நத்தார் இரவுக் கொலைக்கு இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை.

படத்தைத் தடைசெய்ய அரசுக்கு ஒரு சதம் செலவில்லை. படத்தை எடுத்தவர் அமெரிக்கர், தடையால் கோபப்படும் வாக்காளரும் இங்கே இல்லை. கொலையை விசாரிக்கத்தான் விலை கொடுக்கவேண்டும். சிறுபான்மையொன்றுக்கு மலிவான மரியாதையைக் கொடுத்துவிட்டு விலையுயர்ந்த நீதியைக் கொடுக்காமல் விடுவது ஆட்சியாளருக்கு வசதி. தடையை வெற்றி என்று எண்ணிக் கைதட்டும் ஒவ்வொரு முறையும் அந்த வசதியை நாமும் சேர்ந்துதான் செய்துகொடுக்கிறோம். 2006இன் தடை கத்தோலிக்கருக்கு எந்தப் பாதுகாப்பையும் தரவில்லை என்பதே என் தீர்ப்பு.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களைப் பற்றியும், அதிலிருந்து ஐந்தாம் நாள் இரவு எங்கள் பக்கத்துச் சாய்ந்தமருதில் நடந்ததைப் பற்றியும் எழுதாமல் இந்தத் தொடரை முடிக்கமாட்டேன். அதற்குத் தனி அத்தியாயம் வேண்டும். கல்முனைக் கரையில் இருந்து கிறிஸ்தவர்களின் காயத்தைப் பற்றி எழுதுகிறவனுக்கு அந்தக் கடன் உண்டு.

அடுத்த கடிதம்

ஏறத்தாழ ஏழு வருடம் கழிந்தது. 2013 ஜனவரி. அதே தணிக்கைச் சபை. அதே ஜனாதிபதி.

இந்தமுறை முறைப்பாடு ஆயர்களிடமிருந்து வரவில்லை. நம்மிடமிருந்து போனது. படம் கமல்ஹாசனின் ‘விஸ்வரூபம்’. முஸ்லிம் அமைப்புகள் ஆட்சேபித்தன. தமிழ்நாட்டில் தடை. இலங்கையிலும் வெளியீடு நிறுத்திவைக்கப்பட்டது. அடுத்த மாதம் வெட்டுகளோடு படம் வந்தது. நம்மில் பலர் அதை ஒரு வெற்றியாகவே கொண்டாடினோம்.

அதே பெப்ரவரி மாதம் மஹரகமவில் இன்னொரு கூட்டம் கூடியது. பொதுபல சேனா என்ற பௌத்தத் தீவிரப்போக்கு அமைப்பு. அவர்களும் மனம் புண்பட்டிருப்பதாகத்தான் சொன்னார்கள். அவர்களைப் புண்படுத்தியது சினிமாப் படமல்ல. இறைச்சிப் பக்கெட்டில் இருந்த ஹலால் முத்திரை. அவர்களும் தடைதான் கேட்டார்கள்.

புண்பட்டேன் என்று சொன்னால் தடை கிடைக்கும் என்ற வழியை ஆயர்களும் நாமும் சேர்ந்து அவர்களுக்குக் காட்டிக்கொடுத்தோமா? அல்லது நாம் ஒரு வார்த்தை பேசாதிருந்தாலும் அவர்கள் அங்கேதான் வந்து சேர்ந்திருப்பார்களா?

அடுத்த வாரம் மஹரகமவிலிருந்து தொடங்குவோம். அதற்குள் இதை உங்கள் வீட்டில் ஒருமுறை பேசிப் பாருங்கள். ‘விஸ்வரூபம்’ வந்த நாளில் நீங்கள் எந்தப் பக்கம் நின்றீர்கள் என்று எழுதி அனுப்புங்கள்.

(தொடரும்)